பெசலெயேலின் கைவேலை
(இளையோர் ஞாயிறு ஆராதனையில் ஆற்றிய உரை)



யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் கர்த்தர் பெசலெயேலைப் பேர் சொல்லி அழைத்து, தம்முடைய ஆவியினால் நிரப்புகிறார். எதற்கு? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்வதற்கு. இதை வாசித்து ஆமென் சொல்கிறோம். ஆனால் வீட்டில் மகன், "நான் வெல்டிங் படிக்கப் போகிறேன்" என்றால் மூன்று நாளைக்கு ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. டொக்டர், என்ஜினியர், அக்கவுண்டன் தவிர வேறு வேலைக்காக நாங்கள் ஜெபிப்பதும் குறைவுதான். அதனால் இன்று வெல்டிங்கைப் பற்றியே பேசுகிறேன்.

வெல்டர் என்றால் கேற்றும் படிக்கட்டுக் கம்பியும் ஒட்டுகிறவர் என்று பலர் நினைக்கிறோம். ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஒரு மணித்தியாலத்துக்குள் டார்லிங்டன் அணுமின் நிலையம் வருகிறது. 2016இல் அங்கே பெரிய புதுப்பிப்பு வேலை தொடங்கியது. ஒரு உலைக்கு மட்டும் 960 ஊட்டுக் குழாய்கள். அவற்றைப் பொருத்துவதற்குத் தேர்ந்த வெல்டர்கள் வேண்டும். இப்படியான இடங்களில் கண்ணால் பார்த்து "நல்லாயிருக்கு" என்று விடமாட்டார்கள். எக்ஸ்ரே எடுத்து, ஒட்டின் உள்ளே குமிழோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஹமில்ரனில் சரக்கு ரயில் பெட்டிகள் செய்கிறார்கள். ஹலிபாக்ஸிலும் வன்கூவரிலும் கப்பல்கள். அல்பேர்ட்டாவின் எண்ணெய்க் குழாய் வேலையில் சம்பளம் அதிகம். ஆனால் வாரக்கணக்காக முகாமில் இருக்க வேண்டும், குடும்பஸ்தர்கள் அதை யோசிக்கத்தான் வேண்டும். கார்த் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ரோபோக்களே ஒட்டுகின்றன. அவற்றை அமைத்துச் சரிபார்க்க, வெல்டிங் தெரிந்த ஆள் வேண்டும். பிள்ளைகளே, காலையில் நீங்கள் குடித்த பால்கூட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களுக்குள்ளால் வந்ததுதான். ஒட்டிய இடம் உட்புறம் வழவழப்பாக இல்லாவிட்டால் அங்கே கிருமி தங்கும். அந்த வேலைக்கு 'டிக்' வெல்டிங் என்று ஒரு முறை. பலத்தைவிடப் பொறுமையும் நடுங்காத கையும்தான் அதற்குத் தேவை. பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்ராறியோவில் வெல்டர் பயிற்சி ஏறக்குறைய 6,000 மணித்தியாலம், அதாவது மூன்று வருடமளவில். அதில் பெரும்பகுதி சம்பளத்தோடு வேலைத்தலத்தில், மிச்சம் வகுப்பறையில். பிறகு பரீட்சை எழுதி 'ரெட் சீல்' பெற்றால் மற்ற மாகாணங்களிலும் அதை ஏற்றுக்கொள்வார்கள். பாலம், கட்டட இரும்புவேலைக்குக் கனடிய வெல்டிங் பீரோவின் கைத்தேர்வும் வேண்டும். நீங்கள் ஒட்டிய தகட்டை வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், வெடித்தால் தோல்வி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் செய்ய வேண்டும்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. அந்த வெளிச்சம் கண்ணைச் சுடும். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. ஆகவே புகையை உறிஞ்சும் வசதியும் சரியான முகக்கவசமும் இல்லாத இடத்தில், சம்பளம் எவ்வளவு தந்தாலும் நிற்க வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, அடுத்த வருடத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போது, ஒன்ராறியோ இளையோர் தொழிற்பயிற்சித் திட்டம் பற்றிப் பள்ளிக்கூட வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் படித்துக்கொண்டே தொழிற்பயிற்சியைத் தொடங்க அது இடம் தருகிறது. அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் கேட்கக் கேள்விகள் இருக்கும்.