உரக்கவும் மெல்லவும்



மேலைநாட்டு இசைத்தாள்களில் சுரக்குறிகளுக்குக் கீழே 'எஃப்', 'பி' என்ற எழுத்துக்கள் காணப்படும். ஃபோர்ட்டெ, பியானோ என்னும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. முன்னது ஓசையைப் பெருக்கச் சொல்வது. பின்னது ஓசையைக் குறைக்கச் சொல்வது. 1700ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி ஆக்கிய வாத்தியம் இரண்டு வகையாகவும் ஒலிக்க வல்லதாயிருந்தது. அதனாலேயே 'பியானோஃபோர்ட்டெ' என்ற பெயர் வழங்கி, பின்னர் 'பியானோ' எனக் குறுகியது.

ஃபோர்ட்டெ என்றால் வலியது. இத்தாலியத்திலும் போர்த்துக்கேயத்திலும் அதே சொல் கோட்டையையும் குறிக்கும். மட்டக்களப்பு வாவிக்கரையில் 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையும் ஒரு ஃபோர்ட்டெதான். ஆங்கிலத்திலோ ஒருவருக்குக் கைவந்த திறமை ஃபோர்ட்டெ எனப்படுகிறது. நாம் 'சொல்வன்மை' என்கிறோமே, அந்த வன்மை இது.

இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது? வலிவு, மெலிவு என்று உடனே எழுதத் தோன்றும். அங்கேதான் இடர். நமது இசைமரபில் மெலிவு, சமன், வலிவு என்பன மந்தரம், மத்திமம், தாரம் என்னும் மூன்று தானங்களின் பெயர்கள். அவை சுருதியின் உயர்வு தாழ்வைச் சொல்வன; ஓசையின் அளவையல்ல. 'வலிவு' என்று படித்த மாணவன் சத்தத்தைக் கூட்டாமல் மேல்தானத்துக்குப் போய்விடுவான். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியான 'யாழ் நூல்' வழியாக மீட்டுத்தந்த இசைமரபின் கலைச்சொற்களை, பொருள் மாற்றி நாமே குழப்பலாமா?

தகுந்த சொற்கள் நம் வாயிலேயே இருக்கின்றன. 'உரக்கப் பாடு' என்கிறோம். உரம் என்பது வலிமை. 'மெல்லப் பாடு' என்கிறோம். இத்தாலியர் 'பியானோ பியானோ' என்றால் மெதுவாக என்றும் பொருள். நாம் 'மெல்ல மெல்ல' என்பதும் அதுவே. ஒலியின் மென்மையையும் நடையின் நிதானத்தையும் இரண்டு மொழிகளும் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றன.

பாடும் மீன்களின் நாட்டவர்க்கு இந்த 'மெல்ல' புதிதன்று. நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். யாரும் உரக்கப் பேசினால் அந்த இசை இல்லை. கலைச்சொல் ஆக்குவோரும் அப்படிக் காதுகொடுத்துக் கேட்டால் நல்லது.