சுரங்கம் மறைந்த ஊரில் அண்டை அயலார்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாம் குடியிருக்கும் தெருவைப் பற்றியதாகும். கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இது பேச வேண்டிய பொருளா என்று தோன்றலாம். தினமும் நடந்து செல்லும் தெருவைப் பற்றிச் சொல்வதற்கு என்ன இருக்கின்றது? ஆனால் நம்முடைய தெரு மற்ற ஊர்த் தெருக்களைப் போன்று உண்டானதன்று. ஆற்றங்கரையில் ஓர் ஊர் உண்டாகும். சந்தை கூடும் இடத்தில் ஓர் ஊர் உண்டாகும். நம் ஊர் பூமிக்கடியில் ஓடிய ஒரு பாறைப் படிவத்தின் மேல் உண்டாயிற்று. அப்படிவத்தைத் தேடி 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தார்கள். அவர்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து நம் முன்னோர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காகப் பத்தடிக்குப் பத்தடி அளவில் வரிசையாகக் கட்டப்பட்ட குடியிருப்புகளே லைன்கள் எனப் பெயர் பெற்றன.

அந்த வரிசைகளில் குழாய் பொது, கழிப்பிடம் பொது, சுவரும் பொது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஆனால் சுரங்கத்திற்குக் குறைவில்லை. ஆழத்தில் இயந்திரங்கள் ஓடுவதற்காக 1902-ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இங்கே கொண்டு வரப்பட்டது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எண்ணூறு டன் அளவிற்குத் தங்கம் இம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. 1956-இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அவை மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. சுரங்கம் நம் முன்னோர்களுக்கு வேலை மட்டும் தரவில்லை. ஒரு பழக்கத்தையும் தந்தது. சாக்கடை அடைத்தால் ஆள் வருவான், குழாய் உடைந்தால் ஆள் வருவான், விளக்கு எரியாவிட்டால் ஆள் வருவான் என்ற பழக்கம் அது. கூரை முதல் மருத்துவமனை வரை யாவும் நிறுவனத்தின் பொறுப்பாக இருந்த ஊரில் அவ்வாறு நினைப்பது இயல்பே. நிறுவனம் போன பிறகு அந்தப் பொறுப்புகள் யாவும் தெருவில் விழுந்தன. எடுப்பார் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆண்டுகள் கழிந்தன. நகராட்சி செய்ய வேண்டியதை நகராட்சியிடம் கேட்டுப் பெறத்தான் வேண்டும். அதற்கும் பத்து வீட்டார் ஒன்றாகச் சென்று நிற்க வேண்டுமல்லவா?

ஒன்றாக நிற்பது நமக்குப் புதியதன்று. 1930-ஆம் ஆண்டில், தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து இவ்வூரின் தொழிலாளர்கள் எவ்விதப் பெரிய தொழிற்சங்கமும் இன்றி வேலையை நிறுத்தி நின்றார்கள். பூமிக்கடியில் கூண்டில் இறங்குகின்றவனின் உயிர் மேலே கயிற்றை இயக்குகின்றவனின் கையில் இருந்தது. பாறைக்கு முட்டுக் கொடுத்தவனை நம்பித்தான் அடுத்தவன் உள்ளே நுழைந்தான். மேலே இருந்த பேதங்கள் யாவும் அதனால் ஒழிந்துவிட்டன என்று நாம் கூற மாட்டோம். எனினும், வீட்டில் தமிழும், கடையில் தெலுங்கும் உருதுவும், அலுவலகத்தில் கன்னடமும் பேசி, ஒரே சுவரைப் பகிர்ந்து வாழக் கற்றவர்கள் நாம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி இந்த மிம்பரிலிருந்து பலமுறை கேட்டிருக்கின்றோம். அண்டை வீட்டார் என்பதில் மதமும் மொழியும் பார்க்கப்படுவதில்லை என்பதையும் அறிவோம்.

இப்போது நம் தெருவின் இன்றைய நிலையைப் பார்ப்போம்.

விடியுமுன்னே மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் நம் பிள்ளைகள் ஏறிவிடுகின்றனர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் சென்று உழைத்து, இரவில் திரும்புகின்றனர். ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு சென்று வருகின்றனர். அவர்களுடைய உழைப்பினால்தான் இங்கே அடுப்பு எரிகின்றது. ஆயினும் பகற்பொழுதில் நம் தெருவில் இருப்பவர்கள் முதியோரும் சிறுவருமே. நண்பகலில் ஒரு முதியவருக்கு மூச்சுத் திணறினால் தூக்கிச் செல்ல ஆளில்லை. இது ஒரு வீட்டின் துன்பமன்று. லைன் முழுவதற்கும் உரிய துன்பம்.

அந்த மூச்சுத் திணறலுக்கும் காரணமுண்டு. பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் நம் சுரங்கத் தொழிலாளர்களிடம் இருந்தது 1940-களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. தழும்பேறிய நுரையீரலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்தில்லை. அத்தகையோரைக் காசநோய் எளிதில் பற்றும். அதற்கோ மருந்துண்டு, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவும் கிடைக்கின்றது. ஆகவே சுரங்கத்தில் இறங்கிய முதியவர் எவரேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமினால், "பழைய சுரங்க இருமல்தானே" என்று விட்டுவிடாமல், சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் செய்யுங்கள். மருத்துவரிடம் அவர் சுரங்கத்தில் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதை மறவாமல் கூறுங்கள். அவருடைய பணிப் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, நம் கண்முன் மலைபோல் நிற்கும் சைனைடு மண்மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட, மாவாக அரைபட்ட பாறையே அது. காற்றடிக்கும் மாதங்களில் அத்தூசி பாத்திரத்திலும் படுக்கையிலும் படிகின்றது. பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள். அம்மண்ணை அள்ளி வந்து சுவர் பூசாதீர்கள். காற்றுக் காலத்தில் வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இம்மேடுகளைப் பற்றிய புதிய செய்தியும் உண்டு. 1,003 ஏக்கர் பரப்பிலுள்ள 13 மண்மேடுகளில் எஞ்சியுள்ள கனிமத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசைவளித்தது. சிலர் வேலை வரும் என்று மகிழ்கின்றனர்; சிலர் தூசி பெருகும் என்று அஞ்சுகின்றனர். இரண்டுக்கும் நியாயமுண்டு. மகிழ்வதும் அஞ்சுவதும் போதா, கேட்பதே வேண்டும். தோண்டும் இடத்தில் தூசி எழாமல் நீர் தெளிக்கப்படுமா? அந்நீர் எங்கிருந்து வரும், எங்கே வடியும்? லாரிகள் எந்த வழியில் செல்லும்? இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எத்தகைய வேலை? இக்கேள்விகளை நாம் மட்டும் கேட்காமல், எல்லா லைன்களின் பெரியவர்களும், கோயில், தேவாலய நிர்வாகத்தாரும் ஒரே மனுவில் கையொப்பமிட்டு எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

இறுதியாக, காலி வீடுகள். பெங்களூரிலேயே குடியேறிவிட்டவர்களை நாம் குறை கூறவில்லை. ரிஸ்க் தேடிச் செல்வது ஆகுமான காரியமே. ஆனால் செல்பவர் கதவையும் கூரைத் தகட்டையும் கழற்றி விற்றுச் சென்றால், மழைநீர் இறங்குவது பொதுச் சுவரில். இடிவது அடுத்த வீடு. அங்கே தனியே இருப்பவர் பெரும்பாலும் ஒரு விதவைத் தாயாக இருக்கின்றார். ஆகவே வீட்டை விட்டுச் செல்பவர்கள் கூரையை விட்டுச் செல்லுங்கள். சாவியை அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்லுங்கள். அதுவும் ஒரு அமானிதம்.

ஜமாஅத்தார்களிடம் நாம் மூன்று கோரிக்கைகளை வைக்கின்றோம். ஒவ்வொரு லைனிலும் தனித்து வாழும் முதியோரின் பெயர்கள், எச்சமயத்தவராயினும், ஒரு ஏட்டில் எழுதப்பட வேண்டும். பகலில் ஊரில் இருக்கும் கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் முறை வைத்து நாளுக்கொரு முறை அவர்கள் வாசலில் நின்று நலம் விசாரிக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு, ரயில் ஏறாத நாளில், இளைஞர்கள் தத்தம் லைனின் சாக்கடையையும் சுவரையும் பார்க்க வேண்டும்.

பூமிக்குள் இருந்த தங்கத்தை எடுத்தவர்கள் எடுத்துச் சென்றுவிட்டனர். அதை எடுத்துக் கொடுத்த மனிதர்களில் சிலர் இன்னும் நம் தெருவில் இருமிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். அவர்களைக் கவனிப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டறிக்கையில் அந்த ஏடு எத்தனை பக்கம் எழுதப்பட்டது என்பதையும் வாசிக்கும் நிலை வரட்டும்.

வஸ்ஸலாம்.