எல்லோரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன்
(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டுக் கூட்டத்தில் பேசியது)



போன தடவை மில் கேட்டில் கூட்டம் போட்டு, புது ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டி, "சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றோம். அத்தனை கையும் மேலே போயிற்று. ஏகமனதாக நிறைவேறியது என்று மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம். கொஞ்ச நேரம் கழித்து டீக்கடைக்குப் போனால், "வேலைப் பளுவை ஏற்றிவிட்டு இது ஒரு ஒப்பந்தமா?" என்று நம் ஆட்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள். "என்ன தோழரே, நீங்களும்தானே கை தூக்கினீர்கள்?" என்று ஒருவரைக் கேட்டோம். "எல்லோரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன்" என்றார்.

அந்தப் பதில் நம்மைத் தூங்கவிடவில்லை. கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். அது தப்பு.

அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற பேராசிரியர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் பேராசிரியர் முன்கூட்டியே சொல்லி வைத்த ஆட்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, வேண்டுமென்றே தப்பான கோட்டைச் சொல்வார்கள். பிறகு இவன் முறை வரும். இப்படி 123 பேரைச் சோதித்தார்கள். கூட்டம் தப்பாகச் சொன்ன தடவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவர்களும் அதே தப்பைச் சொன்னார்கள். அங்கே மேஸ்திரி இல்லை, போலீஸ் இல்லை, சம்பளப் பிடித்தம் இல்லை. வெறும் கோடு! அதற்கே இந்தப் பாடு.

ஆனால் கூட்டத்தில் இன்னொருவன், ஒரே ஒருவன், சரியான கோட்டைச் சொல்லிவிட்டால், அந்தத் தப்பு கால் பங்காகக் குறைந்துவிட்டது. வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக்கொடுக்கச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அது கூட்டத்துக்குப் பணிவது. மேலே இருப்பவனுக்குப் பணிவது இன்னும் கொடுமை. ஆஷிடம் வேலை பார்த்த ஸ்டான்லி மில்கிராம் 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தார். வந்தவர்கள் தபால் குமாஸ்தா, வாத்தியார், கூலித் தொழிலாளி என்று நம்மைப் போன்றவர்கள்தாம். கூலி 4 டாலர், வண்டிச் சத்தம் அரை டாலர். அடுத்த அறையில் ஒருவர் பாடம் ஒப்பிப்பார். தப்புச் சொன்னால் இவர் சுவிட்சைத் தட்டி ஷாக் கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். உண்மையில் ஷாக் ஏதுமில்லை, எல்லாம் நடிப்பு. தட்டுகிறவருக்கு அது தெரியாது. 300-ல் சுவரை இடிக்கும் சத்தம் வரும். பிறகு அந்தச் சத்தமும் நின்றுபோகும். சாம்பல் கோட்டு போட்ட ஒருவர், "தொடருங்கள்" என்பார். 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள்! வேர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள். ஆனாலும் தட்டினார்கள். ஷாக் நிஜமல்ல என்று சிலர் ஊகித்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். நியாயமான வாதம்தான். அப்படியும் அந்த நடுக்கம் பொய்யல்லவே.

சுவிட்சை வேறொருவன் தட்ட, இவர் பக்கத்தில் இருந்து சில்லறை வேலை மட்டும் பார்த்தபோது 40-ல் 37 பேர் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. சஸ்பெண்ட் உத்தரவை டைப் அடிக்கும் குமாஸ்தாவையும், கேட்டைச் சாத்தும் வாட்ச்மேனையும் கேட்டுப் பாருங்கள். "நான் என்ன செய்தேன்?" என்பார்கள்.

இன்னொரு தடவை, கூட உட்கார்ந்திருந்த இருவர் "எங்களால் முடியாது" என்று எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40-ல் 4 பேர்தான். 26 எங்கே, 4 எங்கே!

கீழத் தஞ்சையிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு இது தெரியாத சங்கதியா? சவுக்கடியும் சாணிப்பாலும் தலைமுறை தலைமுறையாக நடந்தன. வாங்கியவர்களுக்கு வலிக்கவில்லையா, ரோஷம் இல்லையா? இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. 1940-களில் தோழர் பி. சீனிவாச ராவ் வந்து, சேரியிலேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டுச் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்றார். அடுத்த குடிசைக்காரனும் கொடி கட்டிய பிறகுதான் அந்தச் சொல்லுக்குக் கை முளைத்தது. 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்கள் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஆனால் டீக்கடைத் தோழருக்கு அது பதிலாகாது. அவரைக் கை தூக்க வைத்தது முதலாளி அல்ல, நாங்கள். மேடையும் மைக்கும் எங்களிடம். "எதிர்ப்பவர்கள் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்காமலே நகர்ந்துவிட்டோம். அன்றைக்குச் சாம்பல் கோட்டு எங்கள் தோளில்தான் இருந்தது. சங்கத்துக்குள் கட்டுப்பாடு வேண்டும். முடிவெடுத்த பிறகு எல்லோரும் ஒன்றாய் நிற்க வேண்டும். அதில் மாற்றமில்லை. முடிவெடுப்பதற்கு முன்பே வாயை அடைத்துவிட்டால், நாளைக்கு ஸ்டிரைக் என்றதும் அந்த ஏகமனது கேட்டைத் தாண்டாது.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை போனஸ் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லப்போவதில்லை. சீட்டு கொடுப்போம். சம்மதமானால் வட்டம், இல்லையென்றால் பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, பெயரும் வேண்டாம். ஓட்டுக்கு முன்னால் மைக்கை முதலில் எதிர்த்துப் பேசுகிறவருக்குக் கொடுப்போம். பெட்டியைத் திறந்து எண்ண, நிர்வாகக் குழுவில் இல்லாத இரண்டு பேர் வேண்டும். இப்போதே பெயர் கொடுங்கள்.