புகையை எரிக்கும் தகர அடுப்பு

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் மாணவர்களும் வளர்ச்சித் துறை அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த மேசையின் மீது ஒரு தகர டப்பா இருக்கிறது. அதனுள் இன்னொரு டப்பா தொங்குகிறது. இரண்டுமே பழைய சாமான் கடையில் கிடைப்பவை. இவற்றைக் கொண்டு செய்த அடுப்பைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். அடுப்பு சிறியது, அது எழுப்பும் கேள்விகள் சிறியவை அல்ல.

இதே ஸ்ரீராம்புரத்தில், துணி ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு சந்தில், ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த அறையின் ஒரு மூலைதான் சமையலறை. அம்மா மரத்தூள் அடுப்பில் சமைப்பார். தகர டின்னின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்துக் கெட்டித்து, கட்டையை உருவி எடுத்தால் நடுவே ஒரு துளை நிற்கும். அதன் அடியில் தீ மூட்டுவார். தூள் ஈரமாக இருக்கும் மழை நாட்களில் நாங்கள் வாசலுக்கு ஓடிவிடுவோம். அம்மா ஓட முடியாது. ஊதுகுழலோடு அவர் அங்கேயே இருப்பார். அவருடைய இருமல் ஒரு நோய் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. சமையலின் ஓசைகளுள் ஒன்றாகவே அதைக் கருதினோம்.

புகை என்பது என்ன?

விறகு எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் விறகு நேரடியாகச் சுடர்விட்டு எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. வெப்பம் ஏறத்தாழ 200, 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மரம் சிதைந்து வாயுக்களையும் தார் ஆவிகளையும் வெளியிடத் தொடங்குகிறது. உலர்ந்த விறகின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இவ்வாறு வெளியேறும், எஞ்சுவது கரி. நாம் காணும் சுடர், அந்த வாயு எரியும் சுடரே ஆகும்.

வாயு எரிவதற்குப் போதிய வெப்பமும் காற்றும் ஒரே இடத்தில் சேரவேண்டும். சேரவில்லையெனில் அது எரியாமலேயே மேலே செல்கிறது. அதுதான் புகை. ஆகவே புகை என்பது எரியாமல் வீணாகும் எரிபொருள். விறகு வாங்கக் கொடுத்த காசின் ஒரு பகுதி இவ்வாறு புகையாகிறது. அதைச் சமைப்பவரின் நுரையீரல் ஏற்கிறது.

விறகு, சாணம், கரி முதலியவற்றின் புகையாலும் மண்ணெண்ணெய்ப் புகையாலும் வீட்டிற்குள் ஏற்படும் காற்று மாசு 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வாகனப் புகையை அளக்கும் கருவிகள் நகரச் சாலைகளில் நெடுங்காலமாக இருந்தன. அடுப்படிக்கு அளவுக் கருவி தாமதமாகவே வந்தது. அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித், இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றை அளந்து 1983இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியாகும்.

இரு டப்பாக்களின் வேலை

புகையை எரிக்க வேண்டுமானால் காற்றை இரு இடங்களில் பிரித்துக் கொடுக்கவேண்டும். ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று தேவை. அதில் நான்கில் ஒரு பங்கை மட்டும் அடியிலிருந்து விட்டால் விறகு வாயுவாகும். மீதியைச் சூடாக்கி மேலே செலுத்தினால் அந்த வாயு எரியும். இதுவே வாயுவாக்கும் அடுப்பின் தத்துவம்.

இந்த அடுப்பில் விறகை மேலிருந்து பற்றவைக்கிறோம். தணல் மேலிருந்து மெல்லக் கீழிறங்குகிறது; வாயுவோ தணலின் ஊடே மேலெழுகிறது. 1980களின் நடுவில் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீட் இம்முறையைச் சிறு அடுப்புக்கு ஏற்றவாறு வகுக்கலானார். விறகிலிருந்து வாயு எடுப்பது அதனினும் பழைய வித்தை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பற்றாக்குறையால், கரியிலிருந்து வாயு எடுத்துப் பேருந்துகள் நம் நாட்டிலும் ஓடின.

செய்முறை

உள் டப்பா சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமும் 14 சென்டிமீட்டர் உயரமும் இருக்கலாம். வெளி டப்பா அதைவிட 3 சென்டிமீட்டர் அகலமாகவும், 3 சென்டிமீட்டர் உயரமாகவும் இருக்கவேண்டும். அதற்கு இறுக்கமான மூடியும் வேண்டும்.

உள் டப்பாவின் அடித்தட்டில் 3 மில்லிமீட்டர் அளவில் சுமார் 30 துளைகள் ஆணியால் இடவேண்டும். அதன் மேல் விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் கீழே, சுற்றிலும் ஒரே வரிசையில் 6 மில்லிமீட்டர் அளவில் 20 துளைகள். வெளி டப்பாவின் பக்கச் சுவரில், அடியை ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவில் 12 துளைகள். பிறகு வெளி டப்பாவின் மூடியில் உள் டப்பா இறுக்கமாக நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, அதில் உள் டப்பாவை இறக்கவேண்டும். அது தன் விளிம்பில் தொங்கி நிற்கும். மூடியில் இடுக்கு இருத்தல் கூடாது.

இப்போது கீழ்த்துளைகளில் நுழையும் காற்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு பகுதி உள் டப்பாவின் அடித்துளைகள் வழியே விறகுக்குள் செல்கிறது. மற்றது இரு சுவர்களுக்கும் இடையே மேலேறிச் சூடாகி, மேல்வரிசைத் துளைகளில் பீறிட்டு வாயுவோடு கலக்கிறது. பாத்திரத்தை அடுப்பின் வாயில் நேராக வைத்தால் சுடர் மூச்சுத் திணறிக் கரி படியும். சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்தில், காற்றுப் போக இடம் விட்டு ஒரு தாங்கி அமைக்கவேண்டும்.

எரிபொருள் விரல் நீளத்திற்கும் குறைவான சுள்ளிகள், கொட்டாங்கச்சித் துண்டுகள், தச்சுப்பட்டறை மரத்துண்டுகள் ஆகியவை. நன்கு உலர்ந்திருக்கவேண்டும். மேல்வரிசைத் துளைகளுக்குக் கீழே வரை நிரப்பி, மேலே காகிதமும் மெல்லிய சிராய்களும் வைத்துப் பற்றவைக்கவேண்டும். சில நிமிடங்களில் மேல்துளை ஒவ்வொன்றிலும் ஒரு சுடர் நாக்கு நிற்பதைக் காணலாம். ஒரு நிரப்புக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் எரியும்.

முதன்முறை நான் செய்தபோது பழக்கத்தால் அடியிலிருந்து தீ மூட்டினேன். விறகும் அரை ஈரம். வாயு உண்டானது, சுடர் இல்லை. அக்கம்பக்கத்தார் தீயணைப்பு வண்டியை அழைக்காதது என் நல்ல காலம். தத்துவத்தை அறிவது வேறு, அடுப்பை அறிவது வேறு என்பதை அன்று கற்றேன்.

சில எச்சரிக்கைகள்

பெட்ரோல், தின்னர் போன்றவை இருந்த டின்களை வெட்டவே கூடாது. எஞ்சிய ஆவி வெடிக்கும். துத்தநாகப் பூச்சுள்ள தகட்டைத் தவிர்க்கவேண்டும். சூட்டில் அதன் புகை நச்சாகும். எந்த டப்பாவானாலும் முதல் முறை சமைக்காமல், திறந்த வெளியில் வெறுமனே எரித்துப் பூச்சைப் போக்கவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. இந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு ஐந்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே இந்த அடுப்பை வீட்டிற்குள்ளோ கூடாரத்திற்குள்ளோ பயன்படுத்தலாகாது. சுடர் அணைந்து புகை எழுந்தால், முகத்தை விலக்கி, எரியும் குச்சியை மேலே காட்டினால் வாயு மீண்டும் பற்றிக்கொள்ளும். கடைசியில் எஞ்சும் கரியும் அந்த வாயுவை விடும். அதை மணலில் கொட்டி அணைத்து எடுத்துவைத்தால், திறந்த வெளியில் குமுட்டி அடுப்புக்கு உதவும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளதால், இங்கு நீர் ஏறத்தாழ 97 டிகிரியில் கொதிக்கும். 25 டிகிரியிலுள்ள ஒரு லிட்டர் நீரை அந்த நிலைக்குக் கொண்டுவரச் சுமார் 300 கிலோஜூல் வெப்பம் போதும். ஒரு கிலோ உலர்ந்த விறகில் ஏறத்தாழ 15,000 கிலோஜூல் வெப்பம் உண்டு. அதாவது 20 கிராம் விறகு போதுமானது!

உங்கள் அடுப்பு அதே நீரைக் கொதிக்க வைக்க 100 கிராம் விறகு கேட்டால், அதன் திறன் 20 சதவீதம். 200 கிராம் கேட்டால் 10 சதவீதம். மூன்று கல் அடுப்பின் திறன் வழக்கமாக 10 முதல் 15 சதவீதமே. ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் இருந்தால் இதை எந்தப் பள்ளியிலும் செய்து பார்க்கலாம். எஞ்சிய கரியையும் நிறுத்துக் குறித்துக்கொள்ள மறவாதீர்கள்.

நம் நாட்டின் அனுபவம்

நல்ல அடுப்புக்கான முயற்சி நமக்குப் புதிதன்று. வார்தாவின் மகன்வாடியில் 1940களில் உருவான மகன் சூலா, 1950களில் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு பரப்பிய புகைபோக்கி அடுப்பு ஆகியவை முன்னோடிகள். இங்கிருந்து மல்லேசுவரத்தைத் தாண்டினால் வரும் இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டியின் முயற்சியால் 1974இல் அஸ்த்ரா என்ற ஊரகத் தொழில்நுட்பப் பிரிவு தோன்றியது. அங்கு வடிவமைத்த மூன்று பாத்திர அடுப்பு 'அஸ்த்ரா ஒலெ' எனப்பட்டது. கன்னட 'ஒலெ', நம் 'உலை'யின் உடன்பிறப்பு. அதே கழகத்தில் பேராசிரியர் எச். எஸ். முகுந்தாவும் அவருடைய குழுவினரும் விறகு வாயுவாக்கத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர்.

மத்திய அரசு 1980களில் தொடங்கிய மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தின்கீழ், அது 2002இல் முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டன. ஆனால் பல இல்லங்களில் அவை நிலைக்கவில்லை. புகைபோக்கி அடைத்துக்கொண்டது, சுவர் விரிந்தது, பழுது பார்க்க ஆளில்லை. பழைய அடுப்பு திரும்பிவந்தது.

அறிவியல் கழகத்தின் உதவியுடன் உருவாகி, 2006இல் விற்பனைக்கு வந்த 'ஊர்ஜா' அடுப்பு மற்றொரு பாடம். சிறு விசிறி பொருத்திய, புகை மிகக் குறைந்த அந்த வாயுவாக்கும் அடுப்பு சுமார் நான்கு இலட்சம் விற்றது. வேளாண் கழிவை அழுத்திச் செய்த எரிகட்டிகளே அதன் எரிபொருள். கழிவின் விலை ஏறியதும் எரிகட்டியின் விலை ஏறியது. வீடுகளில் அதன் பயன்பாடு தேய்ந்தது. அடுப்பு எவ்வளவு சிறந்ததாயினும், எரிபொருள் கட்டுப்படியாகாவிட்டால் பரண்மேல் ஏறிவிடும்.

2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் 2019 செப்டம்பரில் 8 கோடி சமையல் எரிவாயு இணைப்புகளை எட்டியது பெரும் முன்னேற்றம். அங்கும் அதே கேள்விதான். முதல் உருளை வந்தது. ஐந்தாவது உருளை வாங்க அந்தக் குடும்பத்தால் முடிந்ததா?

எதை எண்ணவேண்டும்?

இந்தத் தகர அடுப்பு சமையலறைக்கு மாற்று என்று நான் சொல்ல வரவில்லை. நடுவில் விறகு சேர்ப்பது கடினம். தீயைக் குறைப்பதும் எளிதன்று. குடும்பச் சமையலுக்கு எரிவாயுவோ மின்சாரமோ கிட்டவேண்டும் என்பதே சரி. ஆனால் கட்டட வேலையிடங்களில் திறந்த வெளியில் மரத்துண்டுகளைக் கொளுத்திச் சமைக்கும் தொழிலாளர்களை இந்நகரில் இன்றும் காண்கிறோம். வெள்ளம் வந்தால் எரிவாயு உருளை வந்து சேரும்வரை காத்திருக்கும் முகாம்கள் உண்டு. அத்தகைய இடங்களில் செலவில்லாத இந்த அடுப்புக்கு ஓர் இடம் உண்டு. வகுப்பறையிலோ, இதைவிட மலிவான ஆசிரியர் கிடைப்பது அரிது.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை அடுப்புகள் வழங்கினோம் என்பதைப் பதிவேட்டில் எழுதுகிறோம். மூன்றாம் ஆண்டில் எத்தனை அடுப்புகளில் உலை கொதிக்கிறது என்பதையும் எழுத ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்பை வடிவமைக்கும் முன், அதன் முன்னே அமரப்போகும் பெண்ணிடம் பாத்திரத்தின் அளவையும், விறகு வரும் வழியையும், கையிலுள்ள காசையும் கேளுங்கள். என் அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், மழைக்காலத்தில் தூளை உலர்த்த இடமில்லை என்பதையே முதலில் சொல்லியிருப்பார்.

இனி வெளி முற்றத்திற்கு வாருங்கள். இந்த அடுப்பை மூட்டிக் காட்டுகிறேன்.