மனப் பரீட்சையும் போலீசு உத்தியோகமும்

(வாலிபர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்கா தேசத்துச் சங்கதி. அதை இங்கே எதற்காகப் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். அங்கே நியூஜெர்சி மாகாணத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் நமக்கு எழுதிய கடிதமே அதற்குக் காரணமாகும். அவர் ஒரு நகரத்துப் போலீசு உத்தியோகத்துக்கு மனுப் போட்டார். எழுத்துப் பரீட்சையில் தேறினார், ஓட்டத்தில் தேறினார், நன்னடத்தை விசாரணையிலும் தேறினார். கடைசியாக மனோதத்துவப் பரீட்சை நடந்தது. சில வாரம் கழித்து, மனோதத்துவ ரீதியில் அவர் இவ்வுத்தியோகத்துக்குத் தகுதியற்றவர் என்று ஒரு காகிதம் வந்து சேர்ந்தது. தாயார் அழுதார். தகப்பனாரோ, "வெளியே மூச்சு விடாதே, பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்கள், அப்புறம் எவன் பெண் கொடுப்பான்?" என்றார். பிள்ளையும் காகிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மனம் பொறுக்காமல் நமக்கு எழுதியபோது 25 நாள் ஆகிவிட்டது. அந்த மாகாணத்தில் இதற்கு அப்பீல் செய்துகொள்ளக் கெடு 20 நாள்!

தோழர்களே! அந்த ஐந்து நாளை விழுங்கியது சட்டமா? இல்லை, வெட்கம். அந்த வெட்கத்துக்கு அடியில் இருப்பது, எவனோ பெரியவன் மூடிய அறைக்குள் உட்கார்ந்து எழுதிவிட்டால் அது நம் தலையெழுத்து, அதை மாற்ற முடியாது என்கிற பழைய புத்தி. நாம் இன்று பேச வந்தது அந்தப் புத்தியைப் பற்றித்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். போலீசில் சேருகிறவனுக்கு மனப் பரீட்சை வைப்பதே அநியாயம் என்று நாம் சொல்லவரவில்லை. அவன் கையில் துப்பாக்கி கொடுக்கிறார்கள். பிறரைப் பிடித்து அடைக்கும் அதிகாரம் கொடுக்கிறார்கள். சட்டென்று கொதிக்கிறவன், பயந்தாங்கொள்ளி, பிறர் துன்பத்தில் இன்பம் காண்கிறவன் ஆகியவர்களின் கையில் அதைக் கொடுத்தால் அடிபடப் போவது ஏழை எளியவர்களும் நாதியற்றவர்களுமேயாகும். 1967 இல் அந்நாட்டு ஜனாதிபதி நியமித்த குற்றத் தடுப்புக் கமிஷனும் போலீசு மனுதாரர்களின் மனநிலையைப் பார்த்தே எடுக்க வேண்டுமென்று யோசனை சொல்லிற்று. அது சரியான யோசனைதான். பரீட்சை வேண்டும். ஆனால் பரீட்சை செய்கிறவனையும் பரீட்சை செய்ய வேண்டும்.

அப்பரீட்சைதான் என்ன? பெரும்பாலும் இரண்டு பாகம். ஒன்று, சரியா தப்பா என்று விடையளிக்க வேண்டிய நூற்றுக்கணக்கான வாக்கியங்கள். இவற்றுள் பேர்பெற்றது மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஹாத்தவே, மக்கின்லி என்ற இருவர் செய்து 1943 இல் வெளியிட்ட வினாத்தாள். அது ஆதியில் போலீசுக்காரனைப் பொறுக்குவதற்குச் செய்ததல்ல. மனநோய் வைத்தியத்துக்காகச் செய்தது. பிற்பாடுதான் உத்தியோகத்துக்கும் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பாகம், மனோதத்துவ நிபுணர் ஒருவர் மனுதாரரை நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது. இரண்டையும் வைத்து அந்நிபுணர் தமது அபிப்பிராயத்தை எழுதுகிறார். அபிப்பிராயம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். அது தராசு நிறுத்துச் சொன்ன எடையல்ல.

அந்த வினாத்தாளில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாரிடமும் இருக்கக்கூடிய சில்லறைக் குற்றங்கூடத் தன்னிடம் இல்லையென்று ஒருவன் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால், அதைக் கண்டுபிடிக்கவென்றே சில வாக்கியங்களைச் சேர்த்திருக்கிறார்கள். உத்தியோகம் கிடைக்க வேண்டுமென்று தன்னை அவதார புருஷனாக்கிக் காட்டுகிறவன் அங்கேயே அகப்பட்டுக்கொள்கிறான். மனிதனை மனிதனாக ஒப்புக்கொள்ளச் சொல்லும் அந்த அளவுக்கு நமக்கு அதில் சந்தோஷமே.

ஆனால் அதே வினாத்தாளின் பழைய பதிப்பில் மத நம்பிக்கையைப் பற்றிய கேள்விகளும் இருந்தன. கலிபோர்னியாவில் ஒரு பெரிய கடைக் கம்பெனி தன் காவலாட்களுக்கு அவ்விதக் கேள்விகள் கொண்ட பரீட்சை வைத்தது. நரகத்தை நம்புவதற்கும் கடைத் திருடனைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று மனுதாரர்கள் வழக்காடினார்கள். 1991 இல் அம்மாகாண அப்பீல் கோர்ட்டு, மதத்தையும் சிற்றின்ப விஷயத்தையும் பற்றிய அக்கேள்விகள் வேலைக்குச் சம்பந்தமற்றவை, மனிதனின் அந்தரங்கத்தில் தலையிடுபவை என்று சொல்லிற்று. வழக்குப் பின்னர் ராஜியில் முடிந்தது. 1989 இல் வினாத்தாளைத் திருத்தியபோது மதக் கேள்விகள் பலவற்றையும் எடுத்துவிட்டார்கள். யாரோ நாலுபேர் வாயைத் திறந்து கேட்டதனால்தான் இவை நடந்தன என்பதை மறக்கக்கூடாது.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். இது மனநிலைப் பரீட்சையல்ல, புத்திப் பரீட்சை. கனெக்டிகட் மாகாணத்து நியூ லண்டன் நகரில் 1996 இல் ஒருவர் போலீசு வேலைக்கு 50 கேள்விகளுள்ள பரீட்சை எழுதி 33 வாங்கினார். நேரில் கூப்பிட்டுப் பார்க்கவே மறுத்துவிட்டார்கள். ஏன்? மார்க்கு குறைச்சலா? இல்லை, அதிகம்! புத்தி அதிகமானவன் சலிப்படைந்து, பயிற்சிக்குச் செய்த செலவு வீணாக வேலையை விட்டுப் போய்விடுவானாம். 2000 இல் மத்திய அப்பீல் கோர்ட்டும் நகரத்தார் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே, தள்ளப்பட்டவனெல்லாம் மட்டமானவன் என்று எண்ணுவது எவ்வளவு பேதைமை என்பதற்கு வேறு ருஜு வேண்டுமா?

இனி நியூஜெர்சிச் சட்டத்துக்கு வருவோம். சிவில் சர்வீசு முறைக்கு உட்பட்ட ஊர்களில் இப்படித் தள்ளப்பட்டவர், அறிவிப்புக் கிடைத்த 20 நாளுக்குள் சிவில் சர்வீசு கமிஷனுக்கு அப்பீல் செய்துகொள்ளலாம். அப்போது இலாகாவானது தன் நிபுணரின் முழு அறிக்கையையும் கமிஷனுக்கு அனுப்ப வேண்டும். மனுதாரர் அமர்த்தும் வக்கீலுக்காவது வைத்தியருக்காவது அதன் நகல் கொடுக்க வேண்டும். மனுதாரர், அப்பீல் செய்த நாள் முதல் 90 நாளுக்குள் தம் பக்கத்து நிபுணரின் அறிக்கையைக் கொடுக்கலாம். இரண்டையும் வைத்தியப் பரிசீலனைக் குழு ஒன்று பார்த்துக் கமிஷனுக்கு யோசனை சொல்லும். அதற்குமேல் கோர்ட்டும் உண்டு.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. மற்ற காரணத்துக்காகப் பெயர் நீக்கப்பட்டால், அது தப்பு என்று ருஜுப்பிக்கும் பொறுப்பு மனுதாரரைச் சேர்ந்தது. மனநிலையைச் சொல்லித் தள்ளினாலோ, அது சரியென்று ருஜுப்பிக்கும் பொறுப்பு தள்ளிய இலாகாவையே சேர்ந்தது. நான் பைத்தியமல்ல என்று மனிதன் நிரூபிக்க வேண்டியதில்லை. இவன் தகுதியற்றவன் என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். இதைவிடச் சுயமரியாதையான சட்டம் வேறென்ன வேண்டும்? 1991 இல் அம்மாகாண உச்சநீதிமன்றமும், போலீசு மனுதாரியான ஒரு பெண்மணியின் வழக்கில், பரீட்சையில் கண்ட குணத்துக்கும் போலீசு வேலைக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கிச் சொல்ல வேண்டுமென்று விஷயத்தைத் திருப்பியனுப்பிற்று. அவள் தகுதியானவள் என்று கோர்ட்டு சொல்லிவிடவில்லை; காரணத்தைச் சொல் என்றது. மாசசூசெட்ஸ் மாகாணத்திலோ 2012 இல், பாஸ்டன் போலீசார் தள்ளிய ஒரு பெண்மணிக்கு அங்குள்ள கமிஷன் அளித்த சாதகமான தீர்ப்பை உச்சநீதிமன்றம் நிலைநிறுத்திற்று.

ஆனால் அப்பீல் என்பது அழுது புலம்புவதல்ல. நான் நல்ல பிள்ளை, ஊரில் கேளுங்கள் என்று நற்சாட்சிப் பத்திரங்களை மூட்டை கட்டி அனுப்புவதனால் மட்டும் பிரயோஜனமில்லை. அறிக்கையில் என்னென்ன காரணம் சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொன்றாய் எடுக்க வேண்டும். அடிக்கடி வேலையை விட்டவன் என்றிருந்தால், ஒவ்வொரு வேலையையும் ஏன் விட்டார் என்பதற்கு அந்தந்த எஜமானரின் கடிதம் வேண்டும். கோபக்காரன் என்றிருந்தால், எந்தச் சம்பவத்தை வைத்துச் சொன்னார்கள், அப்போது நடந்ததென்ன என்று காட்ட வேண்டும். உண்மையை மறைத்திருந்தால் அதை ஒப்புக்கொள்வதே மேல். தம் பக்கத்துக்கு அமர்த்தும் நிபுணரும் போலீசு வேலை இன்னதென்று அறிந்தவராய், முதல் அறிக்கையை முழுதும் படித்தவராய், தாமும் பரீட்சை செய்து பார்த்தவராய் இருக்க வேண்டும். கூலிக்கு மாரடிக்கும் நிபுணரின் காகிதம் குழுவின் முன் நிற்காது.

இவ்வளவும் செய்தும் தோற்கலாம். தோற்றாலும் அவ்வறிக்கை சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த வேலைக்கு அந்த நிபுணர் அவரைத் தகுதியென்று கருதவில்லை என்பது. அது பைத்தியம் என்ற பட்டமல்ல. மெய்யாகவே மனதில் நோயிருந்தால் அதிலும் வெட்கத்துக்கு இடமில்லை. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போகிறவன் இதற்கும் போக வேண்டியதுதானே? பூசாரியிடம் போய் வேப்பிலை அடித்துக்கொள்ள வேண்டியதுமில்லை. பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டியதுமில்லை.

தோழர்களே! சோசியன் சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது என்றிருந்தோம். இப்போது நிபுணர் சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது என்று ஆரம்பித்தால் பழைய குருடி கதவைத் திறந்த கதைதான். நாம் பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர். ஆனாலும் விஞ்ஞானத்துக்கும் சோசியத்துக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரிந்தவரை இதுதான்: விஞ்ஞானத்தைக் கேள்வி கேட்டால் அது காரணம் சொல்லும், தப்பென்று கண்டால் திருத்திக்கொள்ளும். காரணம் சொல்ல மறுக்கும் நிபுணர், எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் சோசியனே.

அந்தப் பிள்ளைக்கு நாம் எழுதிய பதில் இதுதான்: "கெடு போனது போனதே. பெட்டியைத் திற. காகிதத்தை எடுத்து உன் தகப்பனார் முன் வை. அடுத்த பட்டியல் வரும்போது மறுபடி மனுப் போடு. மறுபடியும் தள்ளினால் முதல் நாளே காரணம் கேள்."

மறுபடி மனுப் போடுவதாகப் பதில் எழுதியிருக்கிறார். தகப்பனாரும் அந்தக் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.