பழகிப்போன பிரஷர்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் என்ற முறையில் பயனுள்ள ஒரு விடயம் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். நம் தோட்டங்களில் ‘பிரஷர்’ என்று சொல்லும் உயர் குருதியமுக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். “எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, பிறகு எதற்கு மாத்திரை?” கிளினிக்குக்கு வரும் நம் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் மூளையில் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் குந்தியிருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்தம் கால்களுக்கு இறங்கும். ஆனாலும் பெரும்பாலும் மயக்கம் வருவதில்லை. கழுத்தின் இருபுறமும் ஓடும் நாடிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியிலும் நுண்ணிய நரம்பு முனைகள் உள்ளன. நாடிச்சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை அவை ஒவ்வொரு துடிப்பிலும் மூளையின் அடிப்பகுதிக்கு, நாம் உயிரியலில் படித்த நீள்வளைய மையவிழையத்துக்கு, அறிவிக்கின்றன. அமுக்கம் குறைந்தால் மூளை இதயத்தை விரைவாக்கி நாடிகளைச் சுருக்கும். கூடினால் வேகசு நரம்பின் வழியாக இதயத்தை நிதானப்படுத்தும். எல்லாம் சில நொடிகளில் நடந்துவிடும்.

அப்படியானால் பிரஷர் கூடியவருக்கு மூளை ஏன் அதைக் குறைப்பதில்லை? 1956இல் அமெரிக்காவில் மக்கபின், கிரீன், பேஜ் என்ற மூவர், நீண்டநாள் உயர் அமுக்கமுள்ள நாய்களில் இந்த நரம்புகளை ஆராய்ந்தார்கள். நரம்புகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ஆனால் உயர்ந்த அளவையே வழமையான அளவாக எடுத்துக்கொண்டிருந்தன. காவல்காரனே பழகிப்போனால் யார் சத்தம் போடுவது? நமக்கும் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் இதயமும் சிறுநீரகமும் கண்ணும் சேதமடைந்துகொண்டே இருக்கும். சிலருக்கு முதல் அறிகுறியே பாரிசவாதம்தான்.

நரம்புகளுக்கும் பிரஷருக்கும் உள்ள தொடர்பை நம் பக்கத்து மூலிகை ஒன்றும் காட்டியது. சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைப்பதைப் பற்றிப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வகீல் 1949இல் எழுதினார். அந்த வேரில் உள்ள ரிசர்பின், நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் நோர்அட்ரினலினைக் குறைத்தே வேலை செய்கிறது. சிலருக்கு அது மனச்சோர்வைத் தந்தது. இன்று அதைவிட நல்ல மாத்திரைகள் உண்டு.

மாத்திரை தொடங்கிய புதிதில் எழும்போது தலை சுற்றலாம். கட்டிலில் சற்று உட்கார்ந்து, பிறகு மெதுவாக எழுங்கள். குறைந்த அளவுக்கும் உடம்பு பழகிக்கொள்ளும். சுற்றல் நீடித்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் 2,645 பேரிடம் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று அளந்து, ஆலோசனை சொன்ன ஊர்களில், மற்ற ஊர்களைவிட மேல் அளவு சுமார் 5 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. வீட்டுக்குப் போய் விசாரிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் வாழும் சகோதரிகளே, அடுத்த விடுமுறைக்கு வரும்போது சொக்லேட்டுடன் ஒரு பிரஷர் மானியும் கொண்டுவாருங்கள். அம்மாவுக்கு மட்டுமல்ல, லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரருக்கும் அளந்து பாருங்கள். பல தடவை 140/90க்கு மேல் காட்டினால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்லுங்கள்.

நம்மைப் படிக்கவைக்க மலையேறிக் கொழுந்து பறித்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு இது.