சந்தேகமும் சான்றும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். பிறகு நெட்வொர்க் வேலை. இப்போது நெட்வொர்க்குக்குள் வேவு பார்க்க நுழைபவர்களைத் தேடும் பணி. "அப்ப நீ போலீஸாடே?" என்று ஊரில் கேட்கிறார்கள். இல்லை, கணக்கப்பிள்ளை மாதிரி! எந்தக் கம்ப்யூட்டர் எப்போது எதனோடு பேசியது என்ற பதிவுகளை வரி வரியாகப் பார்க்கிறவன்.

2019-ல் நம் பக்கத்துக் கூடங்குளத்தில் நடந்ததை அறிவீர்கள். அணுமின் நிலையக் கம்ப்யூட்டரில் உளவு மென்பொருள் புகுந்ததாகச் செய்தி வந்தது. அக்டோபர் 29-ல் நிலையம் மறுத்தது; மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-லேயே அது கண்டறியப்பட்டிருந்தது. இன்டர்நெட் இணைப்புள்ள நிர்வாக நெட்வொர்க்கோடு அது நின்றது. உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாக இருந்ததால் தப்பித்தோம்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் நம் மண்ணுக்கு உண்டு. நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன், ராக்கெட் ரகசியத்தை விற்றதாக 1994 நவம்பரில் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று 1996-ல் சி.பி.ஐ. சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. போன 24 வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நானும் ஒருமுறை தவறப் பார்த்தேன். ஒரு நிறுவனத்தில், ஒருவரின் பெயரில் ராத்திரி 2 மணிக்கு ஏகப்பட்ட ஃபைல்கள் வெளியே போயிருந்தன. அவர் பெயரைப் போட்டு அறிக்கையும் எழுதிவிட்டேன். அனுப்புமுன் மனசு கேட்கவில்லை. பதிவுகளை மறுபடி பார்த்தேன். தானாக ஓடும் பேக்கப்! அவர் பாஸ்வேர்டைக் கொடுத்து யாரோ எப்போதோ அமைத்து வைத்தது. அன்று வியர்த்த வியர்வை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன் அவர்.

நம் லேபில் ஆஸிலாஸ்கோப்பைப் பார்க்காமலே ரெக்கார்டு எழுதி நான் மாட்டிக்கொண்டபோது சார் சொன்னார்: "ரீடிங்கைப் பாத்துட்டு எழுதுடே. எழுதிட்டு ரீடிங்கைத் தேடாத." அன்று சிரித்தேன். என் தொழிலுக்கு அதைவிடப் பெரிய பாடம் எதுவும் இல்லை. தம்பி தங்கைகளே, நாளை உங்கள் அறிக்கையிலும் ஒரு மனுஷனின் பெயர் இருக்கும். ரீடிங்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.